மாவுக்கட்டா, ஸ்கேனரா: ஒரு சின்னப் பட்டறையின் கணக்கு

பாளையங்கோட்டையில் செயற்கைக் கால், பலமில்லாத காலைத் தாங்குகிற காலிப்பர், முதுகு பெல்ட் செய்து கொடுக்கிற பட்டறை எங்களுடையது. ஆறு மாதமாக மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் ஒரே பேச்சுதான்: உடம்பின் வடிவத்தைக் கம்ப்யூட்டருக்குள் எடுக்கிற ஸ்கேனர் வாங்கலாமா, அந்த வடிவத்தைப் பொருளாக அடித்துத் தருகிற 3டி பிரிண்டரையும் சேர்த்து வாங்கலாமா, எதுவுமே வேண்டாமா. கூட்டாளி, "ஊரெல்லாம் கம்ப்யூட்டர்ல கால் செய்யுதான், நாம இன்னும் மாவு குழைச்சுக்கிட்டு இருக்கோம்" என்பார். எங்கள் மூத்த டெக்னீஷியன் முப்பது வருஷமாக அரம் பிடிக்கிறவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்பார்: "அது தொட்டுப் பாக்குமாவே?"

முடிவெடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. விலைப்பட்டியல்களைப் பரப்பி வைத்துப் பார்த்ததில் ஒன்றும் பிடிபடவில்லை. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகப் பார்த்ததுதான் கோளாறு என்று அப்புறம் உறைத்தது. ஒரு கால் செய்வதில் மூன்று கட்டம் இருக்கிறது: உடம்பின் வடிவத்தை எடுப்பது, அந்த வடிவத்தைத் திருத்துவது, திருத்தியதைப் பொருளாக்குவது. ஒன்றை டிஜிட்டலுக்கு மாற்றிவிட்டு மற்ற இரண்டையும் பழையபடியே விடலாம். விற்க வருகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

விஷயம் நேற்று முளைத்ததும் இல்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஃபூர்ட் குழுவினர் 1980களிலேயே கம்ப்யூட்டரில் சாக்கெட், அதாவது வெட்டுப்பட்ட காலின் மிச்சம் போய் உட்காருகிற கிண்ணம், வடிவமைத்துப் பார்த்துவிட்டார்கள். முட்டிச்சில்லுக்குக் கீழுள்ள தசைநாரில் எடை தாங்குகிற சாக்கெட்டை இன்றைக்கும் போடுகிறோமே, 1950களின் கடைசியில் பெர்க்லியில் அதை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். கைவேலை தெரிந்த ஆள்தான் கம்ப்யூட்டர் பக்கம் போயிருக்கிறார் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். "அப்போ சரி, ரெண்டும் தெரிஞ்சவரு" என்றார்.

இரண்டு குழப்பங்களை முதலிலேயே தள்ளி வைத்துவிடுகிறேன். "டிஜிட்டல் கால்" என்றதும் பலருக்கு நினைவு வருவது சிப் வைத்த முழங்கால். ஒட்டோபாக் கம்பெனி 1997இல் கொண்டுவந்த சி-லெக் அந்த வகை. அது வாங்கிப் பொருத்துகிற பாகம், பட்டறையின் வேலைமுறையை மாற்றாது. இன்னொன்று பாதம். நம்மூர்க்காரர் வெறுங்காலோடு வயலில் இறங்க வேண்டும், சம்மணம் போட வேண்டும், குத்தவைக்க வேண்டும். இந்தத் தேவைகளை நினைத்துத்தான் 1968இல் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் ரப்பர் பாதத்தைச் செய்தார்கள். ஸ்கேனர் வந்தாலும் வராவிட்டாலும் எங்கள் பட்டறையில் கீழே இருக்கப்போவது ரப்பர் பாதம்தான். இங்கே பேச்செல்லாம் சாக்கெட்டைப் பற்றி. வெட்டுப்பட்ட காலின் மிச்சத்தை நாங்கள் ஸ்டம்ப் என்போம்.

சரி, எதை வைத்து ஒப்பிடுவது? கம்பெனிக்காரர்கள் நிமிஷக் கணக்கு சொல்வார்கள். மாவுக்கட்டு என்றால் கழுவித் துடைத்து ஒரு மணி நேரம், ஸ்கேன் என்றால் இரண்டு நிமிஷம். எனக்கு அந்தக் கணக்கு உதவவில்லை. முக்கூடலிலிருந்து ஒரு அக்கா வருகிறார். சர்க்கரையில் கால் போனது, பீடி சுற்றுகிறார். அளவெடுக்க ஒரு நாள், ட்ரையல் பார்க்க ஒரு நாள், கால் வாங்க ஒரு நாள், "இங்கன குத்துது" என்று சரிபார்க்க இன்னும் ஒரு நாள். ஒவ்வொரு நாளும் அவர் பீடிக்கூலி போகும், கூட வருகிற மகனின் கூலியும் போகும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் அந்தச் செலவு மட்டும் மிச்சம். ஒருவர் எத்தனை தடவை பாளையங்கோட்டைக்கு வர வேண்டியிருக்கிறது என்பதையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். இனி வருகிற தீர்ப்பெல்லாம் அதை வைத்துத்தான்.

வடிவம் எடுப்பதிலிருந்து தொடங்குவோம். நனைத்த மாவுக்கட்டைச் சுற்றி, அது இறுகுவதற்கு முந்தின சில நிமிஷங்களில் இரண்டு கட்டைவிரலாலும் முட்டிச்சில்லுக்குக் கீழே அழுத்துவோம். மற்ற விரல்கள் பின்பக்கம் ஏந்திக்கொள்ளும். எலும்பு எங்கே தோலோடு ஒட்டிக் கிடக்கிறது, சதை எங்கே தளதளவென்று இருக்கிறது, எங்கே தொட்டால் ஆள் முகம் சுளிக்கிறார் என்பதெல்லாம் அந்த ஒரு அழுத்தத்திலேயே தெரிந்துவிடும். அளவெடுக்கும்போதே பாதித் திருத்தமும் நடந்துவிடுகிறது. ஸ்கேனருக்குத் தெரிவது மேல்தோல் மட்டும். அதுவும் எடை ஏறாமல் அந்தரத்தில் நிற்கிற ஸ்டம்பின் தோல். சதை தளர்ந்தவர் என்றால் படத்தில் ஒரு வடிவம், எழுந்து நின்றால் வேறு வடிவம்.

ஒரு கம்பெனியிலிருந்து டெமோ காட்ட வந்தார்கள். டேப்லெட்டில் மாட்டுகிற சின்ன ஸ்கேனர். காற்றோட்டமாக இருக்கட்டும் என்று பெரியவர் ஒருவரை வராந்தாவில் உட்கார வைத்தோம். காலை பத்து மணி வெயில் சாய்வாக உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. ஸ்கிரீனில் ஸ்டம்பின் ஒரு பக்கம் ஒழுங்காக வந்தது, மறுபக்கம் கறையான் அரித்த மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. மூன்று தடவை சுற்றிச் சுற்றி வந்தார். நாலாவது தடவை, காலைத் தூக்கிப் பிடித்திருந்த பெரியவருக்குத் தொடை நடுங்க ஆரம்பித்துவிட்டது. இந்த வகைக் கருவி அகச்சிவப்பு ஒளியை வீசி, அது விழுகிற விதத்தை வைத்துத்தான் வடிவத்தைக் கணக்கிடுகிறது. வெயிலிலேயே அகச்சிவப்பு கொட்டிக் கிடக்கிறது, இது வீசுகிற ஒளி அதில் காணாமல் போய்விடும். உள் அறையில் ஜன்னலைச் சாத்தி, டியூப்லைட் போட்டு, தொடைக்கு அடியில் ஒரு தாங்கு கொடுத்ததும் ஒரே சுற்றில் படம் வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் முகாம் நடத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சாமியானா நிழல் போதாது, வகுப்பறைக்குள் போக வேண்டியிருக்கும்.

முழங்காலுக்கு மேலே கால் போனவர்களுக்குச் சிக்கல் இன்னும் அதிகம். சாக்கெட்டின் மேல்விளிம்பு இடுப்பெலும்பைத் தாங்குகிற இடம் இரண்டு தொடைக்கு நடுவே மறைந்து கிடக்கும். ஸ்கேனரின் கண் அங்கே சரியாக எட்டாது. அந்த இடத்தில் அண்ணாச்சியின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் மாவு முறையில் ஒரு நஷ்டம் இருக்கிறது. பழகிப் போனதால் நஷ்டமாகவே தெரிவதில்லை. மாவுக்கட்டு அச்சுக்குள் மாவை ஊற்றி எடுத்து, பார்த்துப் பார்த்து அரம் போட்டுத் திருத்திய மாடலின் மேல், அடுப்பில் இளகிய பாலிபுரொப்பிலீன் ஷீட்டை இழுத்துப் படிய வைக்கிறோம். ஆறியதும் மாடலை உடைத்துத்தான் சாக்கெட்டை வெளியே எடுக்க முடியும். வடிவம் அத்தோடு போச்சு. அடுத்த வருஷம் அதே ஆள் வந்தால் மறுபடி முதலிலிருந்து. உடைக்காமல் எடுத்து வைத்திருந்த பிள்ளைகளின் கால் மாடல்களும் அளவுச் சீட்டுகளும் வண்ணாரப்பேட்டையில் ஒரு தரைத்தள அறையில் இருந்தன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி அந்த அறைக்குள்ளும் வந்தது. தண்ணீர் வடிந்து கதவைத் திறந்தபோது மாடல்களின் ஓரமெல்லாம் மழுங்கி, எழுதியிருந்த பெயர்கள் அழிந்து, சேற்றோடு சேறாகக் கிடந்தன. அண்ணாச்சி ஒவ்வொன்றாகக் கழுவி எடுத்து, கணுக்காலைத் தடவிப் பார்த்தே, "இது சேரன்மாதேவிப் பையன், இது களக்காட்டுப் பிள்ளை" என்று பாதிக்கு மேல் சொல்லிவிட்டார். மீதியைக் குப்பையில்தான் கொட்டினோம். கம்ப்யூட்டர் கோப்பு என்றால் இரண்டு இடத்தில் நகல் இருந்திருக்கும்.

கோப்பு இருந்தால் அதே சாக்கெட்டை மறுபடி அடித்துக் கொடுக்கலாம் என்று கூட்டாளி நினைக்கிறார். அது நடக்காது. ஆபரேஷன் முடிந்த முதல் வருஷம் ஸ்டம்ப் வற்றிக்கொண்டே வரும். இப்போது அதை நாங்கள் தெரிந்துகொள்கிற விதம், "சாக்ஸ் ஒன்னுக்கு மேல ஒன்னா எத்தனை போடுதீங்க?" என்று கேட்பது. ஸ்கேன் இருந்தால் பழைய வடிவத்தின் மேல் புதியதை வைத்து, எந்தப் பக்கம் எத்தனை மில்லிமீட்டர் வற்றியிருக்கிறது என்று நேராகவே பார்க்கலாம். பழைய கோப்பின் பலன் இந்த ஒப்பீடுதான்.

நடுவழி ஒன்றும் உண்டு. மாவுக்கட்டைக் கையால் அழுத்தியே எடுத்துவிட்டு, அந்த அச்சை ஸ்கேன் செய்து வைத்துக்கொள்வது. கையின் அறிவும் தங்கும், வடிவமும் தங்கும். ஸ்கேனர் வாங்கினால் மாவு வாளியைத் தூக்கிப் போட வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

வருகைக் கணக்கில் ஸ்கேனர் ஜெயிப்பது வேறொரு இடத்தில். அது தோள்பையில் அடங்கும். பதிவு பெற்ற புரொஸ்தடிஸ்ட் (செயற்கை உறுப்புகளை அளவெடுத்துப் பொருத்துகிற நிபுணர்) ஒருவர் ராதாபுரத்துக்கோ செங்கோட்டைக்கோ போய், வீட்டுத் திண்ணையைத் தாண்டி உள் அறையிலேயே அளவெடுத்து வந்துவிடலாம். மாவையும் கொண்டுபோகலாம்தான், போயிருக்கிறோம். ஈர அச்சை நசுங்காமல் பஸ்ஸில் கொண்டுவருவது இருக்கிறதே, அது தனி வித்தை. சிகிச்சையை வீடு தேடிக் கொண்டுபோவது இந்தப் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. எஸ். ராமகிருஷ்ணன் மாற்றுத்திறனாளிகளுக்காக 1981இல் ஆய்க்குடியில் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமத்துப் பணியாளர் கையில் செயலியைக் கொடுத்துக் குழந்தைகளுக்கான பயிற்சியை வீட்டு வாசல்வரை கொண்டுபோயிருக்கிறது.

இரண்டாவது கட்டம், திருத்துவது. ட்ரையல் மென்பொருளில் எங்கள் இளைய புரொஸ்தடிஸ்ட் இரண்டு வாரம் பழகிப் பார்த்தார். எங்கே எவ்வளவு எடுத்தோம், எங்கே ஏற்றினோம் என்பது நிறம் நிறமாகத் தெரிகிறது. தப்பென்றால் ஒரு தட்டில் பழைய நிலைக்குப் போகலாம். மாவில் அரம் எடுத்ததை யாரும் ஒட்ட வைக்க முடியாது, புதிதாக மாவு பூசித்தான் ஆக வேண்டும். ஆனால் திரையில் அளவு உணர்வே இருப்பதில்லை. பெரிதாக்கி வைத்துக்கொண்டு வேலை செய்ததில், 2 மில்லிமீட்டர் என்று நினைத்து 6 மில்லிமீட்டர் எடுத்திருந்தார். மாவில் அவ்வளவு எடுப்பதற்குள் கை வலித்திருக்கும், அந்த வலியே எச்சரிக்கை. இப்போது பக்கத்தில் ஒரு முடிந்த மாவு மாடலை வைத்துக்கொண்டு, அதைத் தடவிப் பார்த்துவிட்டு மவுஸைத் தொடுகிறார். இந்தக் கட்டத்தில் எனக்கு இரண்டும் சமம்தான். கைப்பழக்கம் உள்ளவருக்குத் திரை உதவும். அது இல்லாதவருக்குத் திரை குழி தோண்டும்.

மூன்றாவது கட்டத்தில்தான் பணம் போகிறது. எங்கள் முன்னால் இருந்த வழிகள் இவை: சொந்தமாக பிரிண்டர், சொந்தமாகச் செதுக்கும் இயந்திரம், அல்லது கோப்பை வெளியூர்ப் பட்டறைக்கு அனுப்பி ஃபோமில் செதுக்கி வாங்குவது.

சொந்தச் செதுக்கு இயந்திரத்தை உடனே தள்ளிவிட்டேன். நாங்கள் கேட்ட விலைகள் நல்ல கார் விலையைத் தாண்டிப் போயின. மாதத்துக்கு எங்களிடம் வருகிற வேலைக்கு அது பாதி நாள் துணி போர்த்திக்கொண்டு நிற்கும்.

பிரிண்டர் ஆசை காட்டுகிறது. பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காக வைக்கிற சாதாரண வகை, ஒரு ஸ்கூட்டர் விலைக்குள் முடிந்துவிடும். கூட்டாளி யூடியூபில் பார்த்ததும் அதைத்தான். முதல் பிரச்சினை கரண்ட். ஒரு முழு சாக்கெட் அடிக்கப் பத்து மணி நேரத்துக்கு மேல்கூட ஆகும். பராமரிப்புக்காக மின்தடை என்று பேப்பரில் வருகிற நாள் தெரியும், சொல்லாமல் போகிற கரண்ட்டுக்கு என்ன செய்வது? விட்ட இடத்திலிருந்து தொடங்குகிற வசதி பல பிரிண்டர்களில் உண்டு. ஆனால் ஆறிப்போன அடுக்கின் மேல் சூடான அடுக்கு சரியாக ஒட்டாது. அந்தக் கோட்டில்தான் பின்னால் விரிசல் விடும். ஆகவே யு.பி.எஸ். விலையையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, சூடு. மலிவாகக் கிடைக்கிற பி.எல்.ஏ. இழை 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். அக்கினி நட்சத்திரத்தில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு வந்துவிடும். காரில் கழற்றி வைத்த கால், திரும்பி வந்து மாட்டும்போது வேறு வடிவத்தில் இருந்தால்? பி.இ.டி.ஜி., நைலான் என்கிற மற்ற இழைகள் கொஞ்சம் தேவலை. ஆனால் நைலான் ஈரத்தை உறிஞ்சும், ஐப்பசி கார்த்திகையில் இழையைக் காயவைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் என்னை நிறுத்தியது. காலின் பக்கவாட்டு எலும்பு முனையில் குத்துகிறது என்று ஒருவர் வந்தால், பாலிபுரொப்பிலீன் சாக்கெட்டின் அந்த இடத்தை மட்டும் சூடான காற்றடிக்கிற ஹீட் கன்னில் காட்டி, உள்ளிருந்து தள்ளிக் கொஞ்சம் பள்ளம் கொடுத்து, கால் மணி நேரத்தில் அனுப்பிவிடுவோம். அடுக்கடுக்காக அடித்த சாக்கெட்டில் இதையே செய்தால் அடுக்கு பிரிகிற பயம் இருக்கிறது. அப்படியானால் மறுபடி அடிக்க வேண்டும், அவர் இன்னொரு நாள் வர வேண்டும். நான் வைத்த அளவுகோலிலேயே பிரிண்டர் தோற்றுவிடுகிறது. பலத்தையும் சொல்ல வேண்டும். செயற்கைக் கால்களுக்கான ஐ.எஸ்.ஓ. 10328 சோதனையில் 30 லட்சம் தடவை எடை ஏற்றி இறக்குவார்கள். எங்கள் மேஜையில், எங்கள் இழையில், நாங்கள் அடித்த சாக்கெட்டுக்கு அந்தச் சோதனையை யார் செய்து தருவார்கள்? நெல் மூட்டை தூக்குகிற ஆளின் காலில் அதை மாட்டிவிட எனக்குத் துணிச்சல் இல்லை. இரண்டு மூன்று நாள் போட்டுப் பார்க்கிற ட்ரையல் சாக்கெட் என்றால் சம்மதிப்பேன்.

பொடியை உருக்கி நைலானில் செய்கிற தொழிற்சாலை வகை அச்சு இதைவிட நம்பகமானது. அதை வெளியே கொடுத்துத்தான் வாங்க முடியும். தேவைப்பட்டால் பார்ப்போம்.

ஃபோமில் செதுக்கி வாங்குவது பார்க்க மந்தமான யோசனை. கோப்பு சென்னைக்கோ கோவைக்கோ போகும், ஃபோம் மாடல் பார்சலில் வரும், அதன் மேல் எங்கள் அடுப்பில் இளக்கிய அதே ஷீட்டை அண்ணாச்சி இழுத்துப் படியவைப்பார். முடிவில் கிடைப்பது எங்களுக்குப் பல வருஷமாகத் தெரிந்த பொருள். ஹீட் கன்னும் வேலை செய்யும். குறை என்னவென்றால் பார்சலுக்காகக் காத்திருப்பது. அப்புறம், பொருந்தாமல் போனால் ஸ்கேன் தப்பா, செதுக்கியது தப்பா என்கிற பஞ்சாயத்து. வந்த மாடலை உடனே டேப் வைத்து நாலு இடத்தில் அளந்து, கோப்போடு சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது என்று வைத்துவிட்டால் பஞ்சாயத்து குறையும்.

செயற்கைக் காலை விட்டுவிட்டு மற்றவற்றைப் பார்த்தால் சில இடங்களில் விடை பளிச்சென்று இருக்கிறது. முதுகு வளைந்த பிள்ளைகளுக்கான பெல்ட்டில் ஸ்கேனருக்கே என் ஓட்டு. பதிமூன்று பதினாலு வயதுப் பெண்பிள்ளை, மெல்லிய பனியன் ஒன்றோடு நிற்க வைத்து, உடம்பைச் சுற்றி ஈர மாவுக்கட்டு. அது இறுகும்வரை அசையக் கூடாது. எங்கள் பட்டறையில் ஒரு பிள்ளை அழவில்லை, கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டு நின்றது. அம்மா திரைக்கு வெளியே, "முடிஞ்சிட்டாம்மா, முடிஞ்சிட்டாம்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பனியனைக் கழற்றாமல் பெண் புரொஸ்தடிஸ்ட் ஒருவர் ஓரிரு நிமிஷத்தில் ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றால், இதற்காக மட்டுமே ஸ்கேனர் வாங்கலாம். வளர்கிற பிள்ளைக்கு பெல்ட்டை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் பழைய கோப்பும் பயன்படும்.

மூளை முடக்குவாதப் பிள்ளைகளின் கணுக்கால் பட்டையில் கதை நேர்மாறு. விறைத்த பாதத்தை ஒருவர் கையால் திருப்பிச் சரியான கோணத்தில் பிடித்திருக்க வேண்டும். ஸ்கேன் எடுத்தால் பிடித்த கையும் படத்தில் வந்து பாதத்தை மறைக்கும். மாவுதான் அங்கே ராஜா. வளைபாதக் குழந்தைகளுக்கு வாரா வாரம் போடுகிற பொன்செட்டி மாவுக்கட்டோ சிகிச்சையேதான், அதில் டிஜிட்டலுக்கு வேலை இல்லை. சர்க்கரைக்காரர்களின் செருப்புக்கு, வேலூரில் தொழுநோயாளிகளுக்காக மருத்துவர் பால் பிராண்ட் காலத்திலிருந்து பயன்பட்டு வரும் மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பரும் காகிதத்தில் வரைந்த பாத அளவும் பெரும்பாலானவர்களுக்குப் போதும். பாதமே உருமாறிப் போனவர்களுக்கு மட்டும் ஸ்கேன்.

வாங்கும்போது கறாராக இருந்த இரண்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மென்பொருள் சந்தா. மாதக் கட்டணம் நின்றால் பழைய கோப்புகளைத் திறக்கவே முடியாத வகையும் இருக்கிறது. வேறு மென்பொருளிலும் திறக்கிற பொதுவான எஸ்.டி.எல். கோப்பாக வெளியே எடுக்க முடியுமா என்று கேட்டு, எங்கள் கண் முன்னாலேயே எடுத்துக் காட்டச் சொன்னேன். ஒரு கம்பெனி மழுப்பியது, அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டோம். இன்னொன்று, கோப்பு எங்கே தங்குகிறது. உடம்பின் படம் அது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருக்கட்டும், திரைக்குள் கண்ணை மூடிக்கொண்டு நின்ற பிள்ளையின் படம் யாரோ ஒருவர் சர்வரில் கிடக்கக் கூடாது என்பது எனக்குப் போதுமான காரணம்.

முடிவு இது. டேப்லெட்டோடு ஸ்கேனர் ஒன்று, மென்பொருள் ஒரு வருஷத்துக்கு. முதுகு பெல்ட் எல்லாம் ஸ்கேன் செய்து வெளியே செதுக்கி வாங்குவது. முழங்காலுக்குக் கீழே, ஸ்டம்ப் வற்றி நிலைத்தவர்களுக்கு மாவு அச்சை எடுத்து அதை ஸ்கேன் செய்து வைப்பது. தூரத்து ஊர்க்காரர் என்றால் நேரடி ஸ்கேன். முழங்காலுக்கு மேலேயும், ஆபரேஷன் ஆன முதல் வருஷத்துக்காரர்களுக்கும், பிள்ளைகளின் கணுக்கால் பட்டைக்கும் மாவு மட்டும். பிரிண்டர் இப்போதைக்கு இல்லை. கூட்டாளி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அண்ணாச்சி ஒரு நீளநோட்டு வாங்கி வந்து கோடு போட்டு வைத்திருக்கிறார். இடப்பக்கம் பேர், ஊர், மாவா ஸ்கேனா. வலப்பக்கம் பட்டறைக்கு வந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு. ஒரு வருஷம் கழித்து எண்ணிப் பார்ப்பதாகப் பேச்சு. முதல் பக்கத்தில் முதல் பெயர் முக்கூடல் அக்காவுடையது. மாவு என்று எழுதி, நேரே நாலு கோடு இழுத்திருக்கிறார். வியாழக்கிழமை மறுபடி வருகிறார், எலும்பு முனையில் இன்னும் குத்துகிறதாம்.